தலையாட்டியின் நிழல்

மகேந்திரராஜாவை அடைத்து வைத்திருந்த வகுப்பறைக்குள் வெளிச்சம் வர ஒரே வழி, கதவுக்குக் கீழே இருந்த இடைவெளிதான். ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். பிள்ளைகளின் வாங்குகளையும் மேசைகளையும் ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அவன் விலாவைப் பிடித்தபடி சிமெந்துத் தரையில் கிடந்து அந்த வெளிச்சக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். சப்பாத்துக் கால்களின் நிழல் கோட்டை வெட்டினால் யாரோ வருகிறார்கள். நிழல் நகர்ந்து போய்விட்டால் அடுத்த அறைக்காரனுக்கு அடி. நின்றுவிட்டால் அவனுக்கு.

எண்பத்தொன்பதாம் வருசம் அது. அரசாங்கத்தைக் கவிழ்க்கத் துவக்கும் தோட்டாவுமாகத் திரிந்த சிங்களப் பொடியன்கள், கடையை மூடு என்று துண்டுக் கடிதாசி ஒட்டி ஊரை ஆண்டார்கள். அவர்களைத் தேடி வந்த ஆமி, மாத்தளைப் பக்கத்துப் பாடசாலைகளில் முகாம் போட்டிருந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் றோட்டோரத்தில் டயர் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டால், அதற்குள் என்ன எரிகிறது என்று பார்க்காமல் நடப்பார்கள்.

மகேந்திரராஜா குளம், வாய்க்கால் வேலைகளைப் பார்க்கும் அரசாங்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தன். ஊர் சனம் அவனை ‘டீ.ஓ. மாத்தயா’ என்று சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிடும். அப்பா வடக்கிலிருந்து கிளார்க்காக வந்தவர். அவன் மாத்தளையிலேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே அருந்ததியைக் கல்யாணம் கட்டியவன். அவன் மாட்டிக்கொண்டது ஒரு மோட்டார் சைக்கிளால். லக்கல றோட்டில், முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் அவனை மறித்து, அவன் வேலை செய்த கந்தோரின் மோட்டார் சைக்கிளைப் பறித்துக்கொண்டு போனார்கள். பொலிசுக்குப் போனால் வீட்டுக்கு வருவோம் என்றார்கள். அவன் போகவில்லை. ஒரு காவல்காரனைச் சுட்டுக் கொன்ற இடத்தில் அந்த மோட்டார் சைக்கிள் கிடந்தது. இலக்கத் தகட்டைப் பார்த்துக்கொண்டு ஆமி நேரே கந்தோருக்கு வந்தது.

மணல் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் உள்ளங்காலிலும் விலாவிலும் அடித்தார்கள். மேசையில் குப்புறப் போட்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்தார்கள். அடிக்கிறவர்கள் வேறு, கேட்கிறவர் வேறு. கேட்கிற கப்டன் சத்தம் போடாத மனிதன்.

“யார் எடுத்தது?”

“முகத்தப் பார்க்கல்ல சேர். துணி கட்டியிருந்தாங்க.”

“ஒவ்வொரு நாளும் இதையேதான் சொல்றீங்க. கண்ணத் திறந்து பார்த்தா ஞாபகம் வரும். நாளைக்கு இந்தப் பக்கத்து ஆம்பளைகள் எல்லாரையும் கொண்டு வாறேன். வந்து பாருங்க.”

“என்னை அவங்களுக்குத் தெரியும் சேர். கண்டா கொன்னு போடுவாங்க.”

“அவங்களும் துணி கட்டித்தானே வந்தாங்க? உங்களுக்கு நாங்க கட்டிவிடுறோம்.”

மறுநாள் காலை ஓர் உரச்சாக்கைக் கொண்டு வந்து தலையிலிருந்து இடுப்பு வரை கவிழ்த்தார்கள். கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. உள்ளே யூரியா நாற்றம் தொண்டையை எரித்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மைதானத்துக்கு நடத்திப் போனார்கள். உள்ளங்கால்கள் வீங்கியிருந்ததால் செருப்புப் போட முடியவில்லை. முன்பே முறிந்து கோணலாகப் பொருந்திய இடது கால் வழக்கத்தை விட மோசமாக இழுத்தது.

ஒரு கதிரையில் உட்கார வைத்தார்கள். வெயில் முதுகுக்குப் பின்னால். யட்டவத்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அள்ளி வந்த ஆண்கள் மைதானத்தில் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து வந்து அவனுக்கு முன்னால் நிற்க வேண்டும். சாக்குக்குள் இருக்கும் தலையாட்டி சும்மா இருந்தால் இடது பக்கம், வீட்டுக்கு. தலையை ஆட்டினால் வலது பக்கம், லொறிக்கு. இது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வேறு ஊர்களில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

யாருக்கும் தலையாட்டுவதில்லை என்று மகேந்திரராஜா முடிவு செய்திருந்தான். கப்டன் கதிரைக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

“ஒருத்தனுக்கும் ஆட்டல்லன்னா நீங்களும் அவங்க ஆள்னு நான் எழுதிக்குவேன். அருந்ததி நோனா எந்தத் தெருவில இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.”

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாதிப் பேரை அவனுக்குத் தெரியும். வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடித்தவர்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர்கள். ஒருவரும் சாக்கின் ஓட்டைகளைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஏன் என்று அவனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. அவனுடைய நிழல் அவர்கள் காலடியில் விழுந்திருந்தது. மேல் மூலை இரண்டும் காது மாதிரி நிற்க, முகமில்லாத ஒரு சாக்கு. அது அசைகிறதா என்றுதான் பார்த்தார்கள்.

ஓட்டை கண்ணை விட்டு விலகியது. சரி செய்யத் தலையைக் கொஞ்சம் சாய்த்தான். தரையில் நிழலும் சாய்ந்தது. முன்னால் நின்ற வாலிபனின் காற்சட்டை நனைந்து, ஈரம் கால் வழியே இறங்கியது. மகேந்திரராஜா கழுத்தை விறைப்பாக்கி அசையாமல் இருந்தான். வாலிபனை இடது பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் ஒரு கடை முதலாளி. தமிழர்களை அடித்து எரித்த எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த அருந்ததியைக் கடைக்குள் விடாமல் வாசலிலேயே நிற்க வைத்தவர். அவருக்கு முன்னால் அவன் நிழலைச் சாய்த்துப் பார்த்தான். வேண்டுமென்றே. மயிரிழை அளவுதான். முதலாளியின் தாடை நடுங்கத் தொடங்கியது. கும்பிடக் கை தூக்கினார், துவக்குப் பிடியால் ஒருத்தன் அதைத் தட்டிவிட்டான்.

அது மகேந்திரராஜாவுக்குப் பிடித்திருந்தது. விலாவில் இருந்த வலி ஒரு கணம் இல்லாமல் போனது. ஆறு வருசமாக அவன் தெருவில் நடக்கும்போது எதிரே வருகிறவனின் கையை முதலில் பார்த்து, பிறகு முகத்தைப் பார்ப்பான். இன்றைக்கு அவர்கள் அவனைப் பார்த்து நடுங்கினார்கள். பிடித்திருக்கக் கூடாது என்றும் தெரிந்தது. ஆனாலும் அதற்கு அடுத்து வந்தவனுக்கும் கொஞ்சம் சாய்த்தான்.

அப்போதுதான் ரன்பண்டா வந்து நின்றான்.

ரன்பண்டா சந்தியில் சைக்கிள் திருத்துகிறவன். எண்பத்து மூன்று ஜூலையில், பட்டப்பகலில் மகேந்திரராஜாவின் வாடகை வீட்டுக்குத் தீ வைத்த கூட்டத்தில் இருந்தவன். அருந்ததி பின்மதிலால் குதித்து ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் ஓடித் தப்பினாள். மகேந்திரராஜாவை முன்வாசலால் தெருவுக்கு இழுத்துப் போட்டார்கள். பலர் உதைத்தார்கள், அவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அலவாங்குக் கம்பியால் காலில் அடித்தவனை மட்டும் தெரியும். முந்தைய கிழமைதான் அவனிடம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியிருந்தான். கேஸ் எதுவும் நடக்கவில்லை. கலவரம் அடங்கியபின் றோட்டில் மகேந்திரராஜாவைக் கண்டால், ரன்பண்டா குனிந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கத் தொடங்கிவிடுவான்.

துவக்கோடு திரிந்த பொடியன்களுக்கும் ரன்பண்டாவுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் சொன்னபடி கடை மூடாததற்கு அவனுடைய கடையையே கல்லால் அடித்திருந்தார்கள். மகேந்திரராஜாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவன் தலையை ஆட்டினான். மேலும் கீழும், சந்தேகமில்லாமல்.

இரண்டு ஆமிக்காரர் ரன்பண்டா மேல் பாய்ந்தார்கள். “நான் இல்ல, நான் இல்ல” என்று அவன் சிங்களத்தில் கத்த, துவக்குப் பிடி வாயில் விழுந்தது. பல் தெறித்து மகேந்திரராஜாவின் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. ரன்பண்டா கைகளால் தலையை மறைத்துக்கொண்டு சுருண்டான். முதுகில் உதைத்தார்கள். கன்னம் மண்ணில் அழுந்தியபடி கிடந்தவன் கண்ணைத் திறந்தபோது, சாக்குக்குக் கீழே தெரிந்த கால்களைக் கண்டான். உள்பக்கமாகத் திரும்பிய இடது பாதத்தில் அவன் பார்வை நின்றது.

“டீ.ஓ. மாத்தயா,” என்றான். இரத்தத்தோடு, மெதுவாக. பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. தலையை மறைத்திருந்த கைகளையும் எடுத்துவிட்டான். அடி விழ விழ வாங்கிக்கொண்டு கிடந்தான்.

அதைத்தான் மகேந்திரராஜாவால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால், கெஞ்சியிருந்தால் அவன் கதிரையிலேயே இருந்திருப்பான். சாக்கை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துக் கழற்றி எறிந்தான். வெளிச்சம் கண்ணில் அறைந்தது. மைதானம் முழுக்க அவனைப் பார்த்தது.

“இவன் இல்ல,” என்றான் சிங்களத்தில். “நான் பொய்யா ஆட்டினேன்.”

அடி நின்றது. கப்டன் முன்னால் வந்து சாக்கைக் காலால் ஒதுக்கினார்.

“பிறகு ஏன் ஆட்டினீங்க?”

“எண்பத்து மூணுல என் கால முறிச்சவன் இவன்தான்.”

“அதுக்கு என்னோட துவக்க எடுத்துக்கிட்டீங்க.” கப்டனின் குரல் உயரவில்லை. புறங்கையால் முகத்தில் ஒன்று விட்டார். மகேந்திரராஜா கதிரையோடு சாய்ந்தான். “ரெண்டு பேரையும் ஏத்து.”

லொறிக்குள் ஏற்கெனவே மூன்று வாலிபர்கள் கை கட்டப்பட்டுக் கிடந்தார்கள். வேறு முகாமிலிருந்து கொண்டு வந்தவர்கள். ஒருவனுக்கு ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. லொறி எல்கடுவ மலையில் ஏறத் தொடங்கியது. வளைவு திரும்பும்போதெல்லாம் ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் உருண்டார்கள்.

ரன்பண்டாவின் உடைந்த வாய் மகேந்திரராஜாவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

“சாக்க ஏன் கழட்டினீங்க?”

“தெரியல்ல.”

“கழட்டாம இருந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பீங்க.”

மகேந்திரராஜா அடுத்த வளைவுக்குக் காலை லொறிப் பலகையில் ஊன்றிக்கொண்டான்.

“பைத்தியம்,” என்றான் ரன்பண்டா. திட்டுகிற மாதிரி இல்லை. உண்மையிலேயே அவனுக்கு விளங்கவில்லை.

தேயிலை மலைக்கு நடுவே ஒரு வளைவில், மதகுக்குப் பக்கத்தில் லொறி நின்றது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று வாலிபர்களையும் முதலில் இறக்கினார்கள். கண் மூடியவன் இறங்கும்போது காலை எங்கே வைப்பது என்று தடவினான்; ஆமிக்காரன் ஒருத்தன் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். பள்ளத்துக்குள் நடத்திப் போனார்கள். வெடிச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. லொறியிலிருந்து டயர்களை உருட்டிக்கொண்டு இரண்டு பேர் கீழே இறங்கினார்கள். பெற்றோல் நாற்றமும், அதன் பின்னால் புகையும், புகைக்குப் பின்னால் வேறொரு நாற்றமும் வந்தன. ரன்பண்டா சத்தமில்லாமல் புத்தரை வேண்டிக்கொண்டிருந்தான். மகேந்திரராஜாவுக்கு எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை.

பிறகு மகேந்திரராஜாவையும் ரன்பண்டாவையும் இறக்கி, கையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். கப்டன், லொறியைத் தூக்கும் ஜக்கின் இரும்புக் கம்பியை மகேந்திரராஜாவின் காலடியில் போட்டார்.

“நீங்க கேட்டது இதுதானே? ஒரு அடி. எலும்பு முறியிற சத்தம் எனக்குக் கேட்கணும். கேட்டா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்.”

“முடியாது சேர்.”

கப்டன் பிஸ்டலை எடுத்து ரன்பண்டாவின் காதுக்கு மேலே வைத்தார். ரன்பண்டா தானாகவே மண்ணில் உட்கார்ந்து, வலது காலை மதகுக் கல்லின் மேல் நீட்டினான். சாரத்தை முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டான்.

“அடிங்க மாத்தயா. கால்தானே. அடிங்க.”

மகேந்திரராஜா கம்பியை எடுத்தான். வளைந்த விரல்களால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தான். சாய்ந்த வெயில் அவனுக்குப் பின்னால் இருந்தது. கம்பியை ஓங்கிய ஒரு மனிதனின் நிழல் ரன்பண்டாவின் நெஞ்சிலும் முகத்திலும் விழுந்தது. எண்பத்து மூன்றில் தெருவில் மல்லாந்து கிடந்தபோது மகேந்திரராஜா பார்த்ததும் இந்த உருவத்தைத்தான். இப்போது அது அவனுடையதாக இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடித்தான்.

முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ரன்பண்டா அலறினான். கப்டன் பிஸ்டலைக் கீழே இறக்கினார்.

“சரி. போதும்.”

கம்பி மறுபடியும் மேலே போனது. அதை யாரும் சொல்லவில்லை. இந்த முறை மகேந்திரராஜா கண்ணை மூடவில்லை. எங்கே விழ வேண்டும் என்று பார்த்து, அங்கேயே விழ வைத்தான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

“நான் ஒண்ணுதானே சொன்னேன்,” என்றார் கப்டன். அவர் குரலில் முதல் தடவையாக ஓர் ஆச்சரியம் இருந்தது. கம்பியையும் அவனையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கூட வந்திருந்த தன் ஜீப்பில் ஏறினார். லொறியும் பின்னால் போனது.

மகேந்திரராஜா கம்பியைத் தூக்கிப் பள்ளத்துக்குள் எறிந்தான். சட்டையைக் கழற்றி ரன்பண்டாவின் தொடையை இறுக்கிக் கட்டப் பார்த்தான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை, பல்லால் முடிச்சை இழுத்தான். வாயெல்லாம் இரத்தம். அப்போதுதான் தேயிலைச் செடிகள் அசைந்தன. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், வெடிச் சத்தம் கேட்டதிலிருந்து நிரைகளுக்கு நடுவே பதுங்கிக் கிடந்திருக்கிறார்கள். முதலில் எழுந்து வந்தவள் சுந்தரம்மா. வயதில் மூத்தவள், கூடையைக்கூட முதுகிலிருந்து இறக்காமல் வந்தாள்.

“ஐயோ சாமி. யாருங்க அடிச்சா, ஆமியா?”

“நான்,” என்றான் மகேந்திரராஜா.

சுந்தரம்மா அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து மண்ணில் விரித்தாள்.

“சரிங்க. அந்தப் பக்கம் புடிங்க. ரெத்தம் நிக்கலன்னா ஆளு போயிருவாரு.”

பெண்கள் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை வைத்துக் காலைக் கட்டினார்கள். படங்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடினார்கள். தோட்டத்து டிரக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டிரக்டர் பெட்டியில் ரன்பண்டாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் மகேந்திரராஜாதான். வழியில் இரண்டு சோதனைச் சாவடி. இரண்டிலும் ஆமிக்காரர் காலைப் பார்த்தார்கள், முகங்களைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அருந்ததி கதவைத் திறந்து, அவனை உட்கார வைத்து, சுடுதண்ணியில் துணி நனைத்து முகத்தைத் துடைத்தாள். காலையில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மைதானத்தில் இருந்தவர்கள் டவுன் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். தலையாட்டியது டீ.ஓ.வாம். பிறகு சாக்கைக் கழற்றியதும் டீ.ஓ.தானாம். கதையின் முன்பாதியை மட்டும் சொன்னவர்களும் இருந்தார்கள். மதகடியில் கப்டன் அடிக்கச் சொன்னதை அவன் சொன்னான்.

“இனி இங்க இருக்க முடியாதுங்க,” என்றாள்.

“ம்.”

“அந்தாளு பொழைப்பாரா?”

“காலை வெட்டினா பொழைப்பான்னு டொக்டர் சொன்னார்.”

அவள் துணியைப் பிழிந்தாள். “ஆமிதானே அடிக்கச் சொன்னது. நீங்க என்ன செய்ய முடியும்.”

“ஒரு அடிதான் சொன்னான்,” என்றான் மகேந்திரராஜா. மிச்சத்தையும் சொன்னான். அருந்ததி துடைப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவற்றையும் எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

இடமாற்றம் கண்டிக்குக் கிடைத்தது. போவதற்கு முன் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். ரன்பண்டா பிழைத்திருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை இருந்தும் மகேந்திரராஜா நின்றுகொண்டே இருந்தான்.

“முதல் அடிக்குக் கண்ண மூடிக்கிட்டீங்க,” என்றான் ரன்பண்டா. பல் போன வாயில் சொற்கள் வழுக்கின. “ரெண்டாவதுக்குத் திறந்திருந்தீங்க. நான் பார்த்தேன்.”

“ஆமா. அது யாரும் சொல்லி அடிச்சதில்ல.”

ரன்பண்டா கூரையைப் பார்த்தபடி கிடந்தான். “எண்பத்து மூணுல எனக்கும் யாரும் சொல்லல்ல. கூட்டத்தோட இழுபட்டுப் போனேன்னு பொண்டாட்டிக்கிட்ட சொன்னேன், பன்சலையில பிக்கு ஹாமுதுருகிட்ட சொன்னேன். எனக்கே சொல்லிக்கிட்டேன். நீங்க கம்பியத் தூக்கினப்போ உங்க முகத்தப் பார்த்தேன். அப்ப என் முகமும் அப்படித்தானே இருந்திருக்கும்னு நெனச்சேன்.” மகேந்திரராஜா பக்கம் திரும்பினான். “மன்னிப்புக் கேட்கணும்னா கேட்கிறேன்.”

“வேணாம். நானும் கேட்க வரல்ல.”

“அப்ப ஏன் வந்தீங்க?”

அப்போது வார்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பழைய குடை. பெயர் டிங்கிரிமெனிக்கா, லக்கலப் பக்கத்தவள். அந்த லொறியிலிருந்து உயிரோடு வந்தவன் ஒருத்தன் இங்கே இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறி வந்திருந்தாள்.

“என் மகனுக்கு ஒரு கண்ணு வீங்கியிருந்துச்சாம்,” என்றாள். “முகாம்ல அடுத்த அறையில இருந்தவங்க சொன்னாங்க. லொறியில அப்படி யாரும் இருந்தாங்களா?”

ரன்பண்டா போர்வைக்குக் கீழே கால் இல்லாத இடத்தைப் பார்த்தான். பிறகு மகேந்திரராஜாவைப் பார்த்தான்.

“இருந்தார்,” என்றான் மகேந்திரராஜா. “இடம் எனக்குத் தெரியும்.”

“காட்டுவீங்களா?”

முகாம் இன்னும் கலைக்கப்படவில்லை. அந்த றோட்டில் ஜீப்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

“வாங்க,” என்றான்.

எல்கடுவ பஸ்ஸில் இருவரும் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்து போனார்கள். மகன் கடைசியாக ஏதாவது சொன்னானா என்று அவள் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்று அவன் உண்மையைச் சொன்னான். இறங்கும்போது கால் தடுமாறியது, ஓர் ஆமிக்காரன் கை கொடுத்தான் என்றான். அதையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

மதகடியில் இறங்கிப் பள்ளத்துக்குள் போனார்கள். மழை பெய்து சாம்பல் கறுப்புச் சேறாகியிருந்தது. எரிந்த டயர்களின் கம்பிகள் சிக்குண்டு கிடந்தன. டிங்கிரிமெனிக்கா குடையை ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலிட்டு, இரண்டு கையாலும் சேற்றை விலக்கத் தொடங்கினாள். மகேந்திரராஜா இடது காலை ஒரு பக்கம் நீட்டிப்போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்து மறுபக்கத்திலிருந்து தோண்டினான். மேலே ஏதோ வாகனம் போனது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவனுடைய விரலில் ஒரு பெல்ட் பக்கிள் அகப்பட்டது. துடைத்து அவளிடம் நீட்டினான். அவள் வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என் மகனோடது இல்ல,” என்றாள்.

அதைப் பத்திரமாக ஒரு கல்லின் மேல் வைத்தாள். “வேற யாரோட அம்மாவாவது வருவாங்க,” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்தாள்.